நான் ஊற்றிய மூன்றாவது கிளாஸ்

கடந்த மாசி மாதம் சுகந்தி என் வீட்டுக்கு வந்து மேசையில் ஒரு சின்ன ஒலிவாங்கியை வைத்தாள். ஹம்பேர்க்கில் நான் பதினெட்டு வருடம் வழிகாட்டியாக வேலை செய்த சுற்றுலா நிறுவனத்தை இப்போது நடத்துகிறவள் அவள்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"அக்கா, இனி ஆக்கள் ஃபோனிலை கேட்டுக்கொண்டு தாங்களாய் நடக்கப்போயினம். வழிகாட்டி இல்லை. உங்கட குரலிலை டொச்சிலை பதிஞ்சு தாங்கோ. உங்களுக்கு எல்லாம் பாடம்தானே."

பாடம்தான். மூன்று நாள் ஜேர்மன் மொழியில் பேசினேன். மயானம், ஆற்றங்கரை, சாப்பாட்டுக்கடை என்று ஒவ்வொரு இடமாக முடித்தேன். கடைசியில் போர்ட் வைன் வரும் இடத்தில் என் வாய் நின்றுவிட்டது.

"என்னக்கா? தண்ணி வேணுமோ?"

"இல்லையம்மா. இந்த இடத்திலை என்ன சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்லை. நான் எழுதித் தாறன்."

அதைத்தான் எழுதுகிறேன். ஃபோனில் போடுவதற்கு இது உதவாது என்று எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் ஜேர்மனிக்கு வந்தேன். அகதி விண்ணப்பம், முகாம், பிறகு அலுவலகங்கள் கூட்டித் துடைக்கும் வேலை. அந்த ஆண்டுகளைப் பற்றி எங்கள் ஆட்களில் எழுதாதவர் இல்லை, நான் விட்டுவிடுகிறேன். பிறகு துறைமுகத்துக்குப் பக்கத்தில், போர்த்துக்கீசர் குடியிருக்கும் தெருக்களில் ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் எட்டு வருடம் வேலை செய்தேன். கடைக்காரி டோனா இல்டா. அறுபதுகளில் இங்கே துறைமுகத்துக்கு வேலைக்கு வந்த ஒரு போர்த்துக்கீசத் தொழிலாளியின் மகள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். யோகேஸ்வரி என்பது அவள் வாயில் நுழையவில்லை. 'யோகா' என்றாள். பின்னாளில் சுற்றுலாவுக்கு வந்த ஜேர்மன்காரர்களும் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் முதலில் சிரிப்பார்கள்.

குசினியில் மற்றவர்கள் போர்த்துக்கீசம்தான் பேசுவார்கள். வந்த முதல் கிழமையே, ஒரு வாரம் முடிவதற்குள், இல்டா கத்துவதெல்லாம் எனக்குப் பாதி விளங்கியது. மேசை, கதிரை, யன்னல், துவாய், அலுமாரி, சாவி, பாண், எல்லாம் எங்கள் தமிழில் இருக்கிற சொற்கள்தான். சமையலறைக்கு நாங்கள் சொல்லும் குசினியைக்கூட அவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்கள்.

"ஆர் உனக்குப் போர்த்துக்கீசம் படிப்பிச்சது?" என்று இல்டா கேட்டாள். அவள் கேட்டது டொச்சில். ஆனால் இவர்கள் பேசியதெல்லாம் என் நினைவில் எங்கள் தமிழில்தான் கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"எங்கட ஊரைப் பிடிச்சு வைச்சிருந்தவை" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு மீனை வெட்டத் தொடங்கினாள்.

கடையோடு சேர்த்து அவள் ஒரு நாள் சுற்றுலாவும் நடத்தினாள். போர்த்துக்கீசரின் வரலாறு, சாப்பாடு, வைன், மூன்றும் ஒரே நாளில். ஒரு வழிகாட்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட காலையில், ஏப்ரனைக் கழற்றச் சொல்லி என்னை அனுப்பினாள். முதல் நாள் நான் பேசியது கேவலம். இரண்டாவது நாள் கொஞ்சம் பரவாயில்லை. அப்படியே பதினெட்டு வருடம் போயிற்று.

எங்கள் ஆட்களிடத்தில் அந்த வேலைக்கு நல்ல பெயர் இருக்கவில்லை. "யோகேஸ்வரி வைன் ஊத்துறாவாம்" என்று கோயிலில் என் காதுபடச் சொன்னார்கள். நான் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்தது கிடையாது. மணத்தை வைத்தும், குடிக்கிறவர்களின் முகத்தை வைத்தும்தான் வைனைப் படித்தேன்.

சுற்றுலா வியாழனும் ஞாயிறும் மட்டும். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள் என்பதால் மயானம் பூட்டியிருக்கும். எங்கள் நாள் தொடங்குவதே அல்டோனாவில் உள்ள பழைய யூத மயானத்தில். நானூறு வருடங்களுக்கு முன்பு போர்த்துக்கலில் கத்தோலிக்கத் திருச்சபையின் மதவிசாரணைக்குப் பயந்து ஓடிவந்த யூதர்கள், கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொண்டு ஹம்பேர்க்கில் இறங்கினார்கள். சீனியும் மிளகும் விற்றார்கள். நகரம் அவர்களுடைய வியாபாரத்தை விரும்பியது, அவர்களுடைய பிணங்களுக்கு இடம் கொடுக்க விரும்பவில்லை. அதனால் பக்கத்து ஊரான அல்டோனாவில் நிலம் வாங்கிப் புதைத்தார்கள். ஒரு பொய்யை வாயில் வைத்துக்கொண்டு எல்லையைக் கடப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

வாசலில் ஆண்களுக்குத் தலையை மூடத் துணித்தொப்பி கொடுப்பேன். தொப்பிகளை ஒவ்வொரு கிழமையும் நானே தோய்த்து மடிப்பேன். போர்த்துக்கீசரின் கல்லறைக் கற்கள் புல்லில் படுத்திருக்கும், தெரியாமல் மிதித்துவிடுவார்கள். எனவே நான் முன்னால் நடக்க, அவர்கள் என் தடத்தில் வரவேண்டும். உள்ளே போகும்முன் ஒவ்வொருவரையும் தனியே கேட்பேன்: சாப்பிடக்கூடாதது ஏதும் இருக்கிறதா? வைனைப் பற்றி மட்டும் கேட்கமாட்டேன். அது இல்டாவின் கட்டளை.

அவளிடம் கட்டளைகள் அதிகம் இல்லை. "மயானத்திலை பகிடி இல்லை. மேசையிலை அழுகை இல்லை" என்பது ஒன்று. மேசையில் ஒவ்வொருவருக்கும் வைன் கிளாசோடு, அதே உயரத்தில், திராட்சைச் சாறு ஊற்றிய இன்னொரு கிளாசும் யாரும் கேட்காமலே வைக்கப்படவேண்டும் என்பது மற்றது. வைன் கிளாசைத் தொடாதவரிடம் ஏன் என்று கேட்கக்கூடாது. இரண்டாம் தரம் நீட்டவும் கூடாது. காரணம் கேட்டால் சொல்லமாட்டாள். நானும் இதைக் கடைக்காரியின் பண்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

அவளுடைய குணத்துக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டாம் வருடம், ஆற்றங்கரையில் நின்று மாலுமிகளின் பெருமையை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டார்: "உங்கட நாட்டுக்கும் இவை வந்தவையோ?" எழுதிக் கொடுத்த பாடத்தில் அதற்குப் பதில் இல்லை. நல்லூர்க் கோயிலை இடித்ததையும், எங்கள் கடைசி அரசனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றதையும் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பினால் பின்னால் இல்டா நிற்கிறாள். கடைக்கு மீன் வாங்கிக்கொண்டு போகும் வழி. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

பின்னேரம் கூப்பிட்டாள். "இனி ஒவ்வொரு நாளும் அதையும் சொல்லு. ஆனா ஆத்தங்கரையிலை மட்டும். அதைக் கேக்கிறவைக்குக் காத்து வேணும்."

அவ்வளவுதான். அதன்பிறகு அவளுக்காக நான் எதையும் செய்வேன் என்றிருந்தேன். அப்படிப்பட்டவளின் கட்டளையைத்தான் நான் மீறினேன்.

பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு புரட்டாதி வியாழக்கிழமை. பீலெஃபெல்டில் இருந்து பதினொரு பேர் ரயிலில் வந்தார்கள். ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்து ஓய்வுபெறும் ஹெர் ஓல்மனுக்கு, கூட வேலை செய்தவர்கள் கொடுத்த பிரியாவிடைப் பயணம். மனைவி ஃபிராவ் ஓல்மனும் வந்திருந்தார்; ஹெர், ஃபிராவ் என்பவை இங்கே திரு, திருமதி போல.

அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துக்கொண்டது. பெரிய உடம்பு, மெல்லிய குரல். மயானத்தில் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, விரலால் தொடாமல், எழுத்துகளின் மேலே காற்றில் கோடு இழுத்துப் பார்த்தார். "இதை வெட்டினவருக்குப் போர்த்துக்கீசம் வாசிக்கத் தெரியாது. இடைவெளியெல்லாம் பிழைச்சிருக்கு. ஆனா உளி பிடிக்கத் தெரிஞ்சிருக்கு" என்றார். அதற்கு முன்பு எத்தனையோ தரம் அந்தக் கல்லைக் கடந்திருக்கிறேன், எனக்கு அது தெரிந்ததில்லை. ஆற்றங்கரையில் எங்கள் கோயில் கதையைக் கேட்டுவிட்டுத் தலையிலிருந்த தொப்பியை எடுத்தார். மயானத் தொப்பியைத் திருப்பித் தர மறந்து அதோடேயே அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

மேசை நன்றாகப் போயிற்று. உருளைக்கிழங்கும் நூலாய் அரிந்த கீரையும் போட்ட பச்சைச் சூப். சுட்ட மத்தி மீன், அதோடு இளம் வெள்ளை வைன். இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி உப்பெடுத்த காய்ந்த மீன், அதோடு சிவப்பு வைன். எங்கள் கருவாட்டின் கதையைச் சொன்னேன், சிரித்தார்கள். ஹெர் ஓல்மன் திராட்சைச் சாறுதான் குடித்தார். கவனித்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக முட்டை இனிப்பும் போர்ட் வைனும். இது நான் பெருமையோடு சொல்லும் இடம். வைன் புளித்து முடிவதற்கு முன்பே அதற்குள் காய்ச்சிய மதுவை ஊற்றி நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் உள்ளே பழத்தின் இனிப்பு மிஞ்சியிருக்கிறது. இதைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொருவருக்கும் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றிக்கொண்டு போனேன். ஹெர் ஓல்மன் தன் கிளாசைக் கவிழ்த்து வைத்திருந்தார். மனைவி கைகழுவ எழுந்து போயிருந்தார்.

"உன்ர பிரியாவிடைக்கு நீயே குடிக்காட்டி எப்பிடி?" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் படம் எடுக்க ஃபோனைத் தூக்கினார். எல்லார் கையிலும் கிளாஸ். அவர் கை மட்டும் வெறுமையாக இருந்தது. நாள் முழுக்க நான் நன்றாகச் செய்திருந்தேன். கடைசிப் படமும் நிறைவாக வரட்டும் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கிளாசை நிமிர்த்தி ஊற்றினேன். "ஒரு வாய்தானே, ஹெர் ஓல்மன். இது மருந்து மாதிரி."

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். "நீங்கள் குடிக்கிறனீங்களோ?"

"எனக்குப் பழக்கமில்லை."

"எனக்கு நல்ல பழக்கம்" என்று சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் குடித்தார்.

ஃபிராவ் ஓல்மன் திரும்பி வந்தபோது கிளாஸ் ஹெர் ஓல்மனின் கையில் இருந்தது. அந்த அம்மா கதிரையில் உட்கார்ந்து, கணவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். விடைபெறும்போது எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். அந்த அம்மா கொடுக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன், சாப்பிட்டேன், நித்திரையும் கொண்டேன்.

ஆறு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. இல்டா என்னைக் கடைக்குப் பின்னால் உள்ள சின்ன அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். பால் விட்ட கோப்பி ஒன்றை என் முன்னால் வைத்தாள். "முதல்லை குடி" என்றாள். நான் குடித்து முடித்தேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை, குரலை ஏற்றாமல் இறக்காமல் வாசித்தாள்.

என் கணவர் பதினொரு வருடம் குடிக்காமல் இருந்தார். உங்கள் மேசையில் குடித்தார். அடுத்த நாள் வீட்டில் குடித்தார். போன கிழமை படிக்கட்டில் விழுந்து தலை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். எனக்கு உங்களிடமிருந்து எதுவும் வேண்டாம். ஊற்றிய பெண்ணுக்கு இது தெரியவேண்டும்.

அவ்வளவுதான் கடிதம்.

இல்டா கண்ணாடியைக் கழற்றினாள். "அவர் கேட்டவரோ, நீ ஊத்தினனியோ?"

"நான்தான் ஊத்தினனான். கவிட்டு வைச்சிருந்த கிளாசை நிமித்தி ஊத்தினனான்."

அவள் கடிதத்தை மடித்து உறையில் வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"என்ர அப்பா துறைமுகத்திலை விழுந்து செத்தவர் எண்டு உனக்குச் சொல்லியிருக்கிறன். குடியிலைதான் விழுந்தவர் எண்டு சொல்லேல்லை. சொல்லியிருக்க வேணும். கட்டளையை மட்டும் தந்தன், காரணத்தைத் தரேல்லை. அது என்ர பிழை. மற்றது உன்ர பிழை."

"நான் கடிதம் எழுதட்டோ?"

"எழுதாதை. நேரை போ."

வீட்டில் என் கணவர் பயந்துவிட்டார். "இஞ்சேரும், விசர் வேலை பாக்காதையும். பிழையை ஒத்துக்கொண்டா வழக்குப் போடுவினம். அந்த மனுசன் என்ன பச்சைப்பிள்ளையே? தானாத்தானே குடிச்சவர்."

"ஓம், தானாத்தான் குடிச்சவர். எண்டாலும் நான் போறன்."

பீலெஃபெல்டில் அவர்களுடைய வீடு இரண்டாம் மாடியில். ஃபிராவ் ஓல்மன் கதவைத் திறந்து, என்னைக் கண்டதும் கதவுப் பிடியைப் பிடித்தபடியே நின்றார்.

"நீங்கள் வருவியள் எண்டு நான் நினைக்கேல்லை. ஒரு பூங்கொத்து வரும், இல்லாட்டி வக்கீல் கடிதம் வரும் எண்டு நினைச்சனான்."

குசினியில் இருத்தினார். தேத்தண்ணீர் தரவில்லை. நான் நடந்ததை அப்படியே சொன்னேன். படம் எடுக்க ஒருவர் ஃபோனைத் தூக்கியதையும், நான் சிரித்ததையும் விடாமல் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லப்போகும்போது அவர் கையை உயர்த்தினார்.

"டாக்டர் சொல்லுறார், எப்பவோ ஒரு நாள் குடிச்சுத்தான் இருப்பாராம். என்ர பிள்ளையளும் அதைத்தான் சொல்லுதுகள். நான் அதை நம்பேல்லை. நான் நம்பேல்லை எண்டதை உங்களுக்குச் சொல்ல வேணும்."

"சரி" என்றேன்.

"உங்களை ஆறுதல்படுத்த எனக்கு ஏலாது."

"அதுக்கு நான் வரேல்லை."

"அப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"நீங்கள் தெரியவேணும் எண்டு எழுதியிருந்தியள். தெரிஞ்சுகொள்ள வந்தன்" என்றேன். அவர் எழுந்து யன்னலைத் திறந்தார். பிறகு, தான் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரமாகிவிட்டது என்றும், பை ஒன்று பாரமாக இருக்கிறது என்றும் சொன்னார். நான் பையைத் தூக்கிக்கொண்டு ட்ராம்வரை போனேன். அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

அதன்பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் போனேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வராதே என்றும் சொல்லவில்லை. மூன்றாம் தரம் போனபோது ஹெர் ஓல்மன் சிகிச்சை நிலையத்தில் இருந்து வீட்டுக்கு வந்திருந்தார். பாதியாக வற்றிப்போயிருந்தார். நெற்றியில் தையல் தழும்பு. என்னைக் கண்டதும் கதிரையில் இருந்து எழும்ப முயன்றார்.

"கிளாசை நிமித்தினது நீங்கள். தூக்கினது நான்" என்றார். "இப்பிடிப் பிரிச்சுக்கொள்ளுவமோ?"

"சரி, ஹெர் ஓல்மன்" என்றேன்.

"நான் இதுக்கு ஒத்துக்கொள்ளேல்லை" என்று குசினிக்குள் இருந்து ஃபிராவ் ஓல்மன் சொன்னார்.

ஹெர் ஓல்மன் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். பிறகு, மயானத்தில் பார்த்த அந்தக் கல்லில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். அன்றைக்கு அவர் கேட்டபோது நான் மேலோட்டமாகத்தான் சொல்லியிருந்தேன். அடுத்த முறை வரிக்கு வரி எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதற்கடுத்த முறை இன்னொரு கல். அவர் எழுத்துகளைப் பென்சிலால் தாளில் வரைந்து, இடைவெளியைத் திருத்தித் திருத்தி வைப்பார். ஃபிராவ் ஓல்மன் ஒரு நாள் எனக்கும் தேத்தண்ணீர் ஊற்றி வைத்தார். எத்தனையாவது நாள் என்று நான் எண்ணவில்லை.

ஹம்பேர்க்கில் இல்டா என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. போத்தலை மட்டும் என் கையில் இருந்து எடுத்தாள். வைனை எல்லாம் சாப்பாட்டு மேசையில் இருந்து விலக்கி, சுவரோரமாக ஒரு தனி மேசையில் வைத்தாள். வேண்டியவர் எழுந்து போய்த் தானே ஊற்றவேண்டும். சிலர் இது என்ன உபசரிப்பு என்று முகம் சுளித்தார்கள். ஒருவர் இணையத்தில் மோசமாக எழுதினார். இல்டா அதை வாசித்துவிட்டு, "எழுதட்டும்" என்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் போர்த்துக்கலில் உள்ள தன் ஊருக்கே திரும்பிப் போனாள். போகும் நாளில் புதிய வழிகாட்டிகளைக் கூப்பிட்டு இருத்தி, தன் தகப்பன் எப்படிச் செத்தார் என்பதை அவர்கள் முன்னால் தானே சொன்னாள்.

ஹெர் ஓல்மன் பிறகு குடிக்கவில்லை. இடையில் ஒரு தரம் மட்டும் சறுக்கினார், இரண்டு நாள் குடித்தார். மூன்றாம் நாள் தானே போய்ச் சிகிச்சை நிலையத்தில் சேர்ந்தார். அதன்பின் ஐந்து வருடத்துக்கு மேல் குடிக்காமல் இருந்தார். ஒரு சித்திரை மாதக் காலை, தோட்டத்துக்கு மண் வாங்கப் போன இடத்தில் இதயம் நின்றுபோயிற்று. ஃபிராவ் ஓல்மன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நாளையும் இடத்தையும் சொன்னார். வாருங்கள் என்று சொல்லவில்லை.

போனேன். மயானத்தில் பின்வரிசையில் நின்றேன். முடிந்ததும், இங்குள்ள வழக்கப்படி, பக்கத்துக் கடையில் கோப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். அப்படியே திரும்பிவிடலாம் என்று கதவுப்பக்கம் நின்றவளை ஃபிராவ் ஓல்மன் கண்டு, தன் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். போய் இருந்தேன்.

எதிரே இருந்தவர் ஹெர் ஓல்மனின் தங்கை. வெகுதூரத்தில் இருந்து வந்திருந்தார். என்னை முன்பு கண்டதில்லை. சேலை கட்டிய ஒரு வெளிநாட்டுப் பெண் குடும்பத்துக்கு நடுவில் இருப்பதைப் பார்த்து, மரியாதையாகத்தான் கேட்டார்: "நீங்கள் என்ர அண்ணைக்கு எப்பிடிப் பழக்கம்?"

வழிகாட்டி என்று சொல்லியிருக்கலாம். சிநேகிதி என்றும் சொல்லியிருக்கலாம். மேசையில் பேச்சுக் குறைந்திருந்தது. நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அவருக்கு வைன் ஊத்தினது நான்தான்" என்றேன்.

தங்கையின் முகம் மாறியது. கடிதத்தின் கதை அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். பக்கத்தில் இருந்த ஹெர் ஓல்மனின் மகன் தலை குனிந்துகொண்டான். எழுந்து போய்விடவேண்டும் என்று நினைத்தேன். கதிரையைப் பின்னுக்குத் தள்ளினேன்.

ஃபிராவ் ஓல்மன் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவதை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

"ஓம், ஊத்தினவா" என்றார். "பிறகு வந்தவாவும் அவாதான்."

ஒரு துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.